பல் கேள்வி-பதில்: ஃப்ளோரைடு டைட்டானியத்தை அரிக்குமா?

சென்ற இதழில், இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பொருத்திப் பல் கட்டும் 'இம்ப்ளான்ட்' முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சத்தைத்தான் தெரிவிக்கின்றன. "ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் டைட்டானியத்தை அரித்துவிடும், இம்ப்ளான்ட் வைத்தவர்கள் அதைத் தொடவே கூடாது" என்று கைபேசிகளில் சுற்றிவரும் ஒரு செய்தி பலரையும் கலங்கடித்திருக்கிறது. அது முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஒரு பொருளைப் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 61. கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மேற்படி செய்தியைப் படித்ததிலிருந்து வழக்கமான பேஸ்ட்டை நிறுத்திவிட்டு, ஃப்ளோரைடு இல்லாத மூலிகைப் பற்பொடியைப் பயன்படுத்துகிறேன். நான் செய்தது சரிதானா? – மதுரை வாசகர்

பதில்: சரியன்று. பழைய பேஸ்ட்டுக்கே திரும்பிவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வாயில் இரண்டு இம்ப்ளான்ட் மட்டும் இல்லை. மிச்சமுள்ள இயற்கைப் பற்களும் இருக்கின்றன. அறுபதைக் கடந்தவர்களுக்கு ஈறு சற்றே இறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கும். அந்த வேரின் மேல் எனாமல் கிடையாது. எனாமல் கரைவதற்கு வாயின் பி.ஹெச். எனப்படும் அமில-கார அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்க வேண்டும்; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். வேர்ப்பகுதியோ அதற்கு முன்பே கரையத் தொடங்கிவிடும். ஃப்ளோரைடு பல்லின் தாதுவோடு சேர்ந்தால் உருவாகும் புதிய தாது, 4.5 வரைக்கும் தாக்குப்பிடிக்கக் கூடியது. இந்த வயதில் வேர்ச்சொத்தையைத் தடுக்க நம்மிடம் உள்ள எளிய காவல் அது. அந்தக் காவலை நீங்களாகவே விலக்கினால், இம்ப்ளான்டைக் காப்பாற்றப் போய்ப் பக்கத்துப் பல்லை இழக்க நேரும். பிறகு அந்த இடத்திலும் ஓர் இம்ப்ளான்ட் வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, டைட்டானியம் உங்கள் வாயில் எங்கே வெளிப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருகு முழுவதும் எலும்புக்குள் இருக்கிறது. மேலே தெரியும் பல் பீங்கானாலோ வேறு பொருளாலோ ஆன கேப். இரண்டையும் இணைக்கும் கழுத்துப் பகுதி மட்டுமே ஈறுக்கு அடியில், ஈறு இறங்கினால் ஈறுக்கு வெளியே, எச்சிலைத் தொடும் நிலையில் இருக்கிறது. பேஸ்ட் அங்கே படுவது இரண்டு நிமிடம்; அதுவும் எச்சிலில் கரைந்து நீர்த்த நிலையில்தான் படுகிறது. நம் நாட்டு விதிப்படி பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கை, மிஞ்சக் கூடாது. அந்த அளவை டியூபின் மேலும் அட்டையின் மேலும் அச்சிட வேண்டும். புளிப்போ காரமோ இல்லாத, நடுநிலையான ஒரு பேஸ்ட்டில் உள்ள இந்த அளவு ஃப்ளோரைடு டைட்டானியத்தை ஒன்றும் செய்துவிடாது. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கான கணக்கை அடுத்த கேள்விக்கான பதிலில் பார்க்கலாம்.

பற்பொடியைப் பற்றி ஒரு சொல். மூலிகையின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் கடையில் கிடைக்கும் பொடிகள் சிலவும், வீட்டில் இடித்துவைக்கும் கரியும் உப்பும் கலந்த பொடியும் சொரசொரப்பானவை. ஈறு இறங்கி வெளியே தெரியும் டைட்டானியக் கழுத்தில் அவை கீறல் போடும். ஃப்ளோரைடுக்குப் பயந்து கரியைக் கையில் எடுப்பது எந்த வகையில் பாதுகாப்பு?

கேள்வி: நான் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடல்நீரும் குளோரினும் தொட முடியாத உலோகம் என்று சொல்லித்தான் எங்கள் ஆலையில் டைட்டானியக் குழாய்களைப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட உலோகத்தை ஒரு பேஸ்ட்டில் உள்ள உப்பு எப்படி அரிக்கும்? – தூத்துக்குடி வாசகர்

பதில்: மிக நல்ல கேள்வி. இதற்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

டைட்டானியம் இயல்பில் சாதுவான உலோகம் அன்று. உயிர்வளியைக் கண்டால் உடனே சேர்ந்துகொள்ளும் தன்மை உடையது. அதுவே அதற்குக் கவசமாகவும் அமைகிறது. காற்றோ தண்ணீரோ பட்ட நொடியிலேயே அதன் மேற்பரப்பில் டைட்டானியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்கள் மட்டுமே. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறு. கீறினாலும் அந்தப் படலம் தானாகவே மீண்டும் மூடிக்கொள்ளும். அலுமினியப் பாத்திரத்துக்கும் இப்படி ஒரு படலம் உண்டு; ஆனால் அதில் புளிக்குழம்பு வைத்து இரவெல்லாம் விட்டால் படலம் தோற்றுவிடும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரியும். டைட்டானியத்தின் படலம் புளிக்கும் அஞ்சாது, கடலுப்புக்கும் அஞ்சாது. சுவீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். அவை அந்த நோயாளிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டன என்றால், எலும்போடு அந்த உலோகம் அவ்வளவு இணக்கமாக இருந்ததற்கு இந்தப் படலமே காரணம்.

இந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. அதுதான் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். ஃப்ளோரின் அணுக்கள் ஆறு சேர்ந்து ஒரு டைட்டானிய அணுவைச் சூழ்ந்துகொண்டால், நீரில் எளிதில் கரையும் ஒரு கூட்டுப்பொருள் பிறக்கிறது. படலம் கரைவது இப்படித்தான். உலோகத் தொழிலில் டைட்டானியத்தின் மேல் படிந்த தடித்த ஆக்சைடை நீக்குவதற்கு, நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கலந்த தொட்டியில் முக்கி எடுப்பார்கள். உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

பேஸ்ட்டில் இருப்பது இந்த அமிலம் அன்று. சோடியம் ஃப்ளோரைடு போன்ற உப்பு. அதிலிருந்து பிரியும் ஃப்ளோரைடு அயனி தனியாக நிற்கும் வரை டைட்டானியத்துக்குப் பெரிய தொல்லை இல்லை. சூழல் புளிப்பாகும்போதுதான் அந்த அயனி ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாக மாறுகிறது. 1999-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று, இப்படி உருவாகும் பிரியாத அமிலத்தின் அளவு சுமார் 30 பி.பி.எம்.-ஐத் தாண்டினால்தான் டைட்டானியத்தின் படலம் உடைகிறது என்று காட்டியது. கணக்குப் போடுபவர்களுக்கு வசதியான எல்லைக்கோடு இது.

அந்த அமிலத்தின் பிரிகை எண், அதாவது ஃப்ளோரைடு அயனியும் பிரியாத அமிலமும் சரிபாதியாக இருக்கும் பி.ஹெச்., ஏறத்தாழ 3.2. அதை வைத்துப் பார்த்தால், 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பி.ஹெச். 7 என்ற நடுநிலையில் இருக்கும்போது உருவாகும் அமிலம் 0.2 பி.பி.எம்.கூட இராது. அதே பேஸ்ட் 5 என்ற அளவுக்குப் புளித்தால் சுமார் 15 ஆகும். இன்னும் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறோம். 4.5-க்கு வந்தால் 45-ஐத் தொடும், கோட்டைத் தாண்டிவிட்டோம். 4 என்றால் 130-ஐ நெருங்கும். பாருங்கள், ஃப்ளோரைடின் அளவு ஒன்றுதான். புளிப்பு ஏற ஏற ஆபத்து பல நூறு மடங்காகிறது. ஆகவே "ஃப்ளோரைடு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். "எவ்வளவு புளிப்போடு இருக்கிறது?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உயிர்வளி குறைந்த இடத்தில் இந்தக் கோடு இன்னும் கீழே இறங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கரைந்த படலத்தை உடனுக்குடன் புதுப்பிக்க உயிர்வளி வேண்டுமல்லவா? ஈறுக்கும் இம்ப்ளான்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில், கிருமிகள் வளரும் படிவான காறை படிந்து கிடந்தால், உயிர்வளியும் குறைவு, கிருமிகள் உண்டாக்கும் புளிப்பும் அதிகம். மறுபக்கம், எச்சிலில் உள்ள புரதங்கள் உலோகத்தின் மேல் மெல்லிய உறையாகப் படிந்து ஓரளவு காக்கின்றன. ஆய்வகத்தில் உலோகத் துண்டை மணிக்கணக்காக, சில சோதனைகளில் நாட்கணக்காக, ஃப்ளோரைடு கரைசலில் ஊறவைத்துக் கண்ட முடிவை, இரண்டு நிமிடம் பல் துலக்குபவரின் வாய்க்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. கைபேசிச் செய்தி செய்த தவறு அதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில இம்ப்ளான்ட்களைத் தயாரிக்கும்போதே, எலும்பில் பிடிக்கும் பகுதியை மிக நீர்த்த ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் அளவோடு பதப்படுத்தி, எலும்பு விரைந்து பற்றுவதற்கு ஏற்ற மேற்பரப்பை உண்டாக்குகிறார்கள். வாய்க்குள் எதிரியாக வருவது, ஆலைக்குள் கருவியாக இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் மூலத்தாது என்பதையும் உங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லுங்கள். இந்த உலோகம் நமக்கு அவ்வளவு அந்நியமானது அன்று.

கேள்வி: ஒரு பல் மருத்துவமனையில் பல்லைச் சுத்தம் செய்த பிறகு, சொத்தை வராமல் இருக்க என்று சொல்லி, புளிப்பும் இனிப்புமான ஒரு ஜெல்லைத் தட்டில் நிரப்பி நான்கு நிமிடம் வாயில் வைத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு மூன்று இம்ப்ளான்ட் இருப்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது என்ன ஆகும்? – கோயம்புத்தூர் வாசகி

பதில்: நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அது அமிலம் சேர்த்த பாஸ்பேட் ஃப்ளோரைடு ஜெல்லாக இருக்க வேண்டும். எனாமலுக்குள் ஃப்ளோரைடு வேகமாக இறங்க வேண்டும் என்பதற்காகவே அதைப் புளிப்பாகத் தயாரிக்கிறார்கள். அதில் ஃப்ளோரைடு 1.23 சதவீதம், அதாவது 12,300 பி.பி.எம்.; அதன் பி.ஹெச். 3-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டால், பிரியாத அமிலம் சில ஆயிரம் பி.பி.எம். வருகிறது. எல்லைக்கோடு முப்பது. கைபேசிச் செய்தியில் உள்ள உண்மைத் துளி முழுவதும் இந்த ஜெல்லைப் பற்றியதுதான். அதைப் பேஸ்ட்டின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

ஒருமுறை வைத்துவிட்டதால் இம்ப்ளான்ட் ஆடிவிடும் என்றோ கழன்றுவிடும் என்றோ அஞ்ச வேண்டாம். எலும்புக்குள் இருக்கும் பகுதியை ஜெல் தொடவே தொடாது. ஈறுக்கு வெளியே தெரியும் கழுத்து இருந்தால், அந்த இடத்தின் வழவழப்பு குறைந்திருக்கலாம். ஜெல் நீங்கி எச்சில் பட்டவுடன் படலம் மீண்டும் உருவாகிவிடும், ஆனால் ஏற்பட்ட சொரசொரப்பு மறையாது. அதனால் என்ன என்று கேட்பீர்கள். மேற்பரப்பின் மேடுபள்ளம் சராசரி 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால், காறை படிவது கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு அது; நாக்குக்கும் விரலுக்கும் தெரியாது, கிருமிக்குத் தெரியும். இம்ப்ளான்டைச் சுற்றிய ஈறும் எலும்பும் அழற்சியுற்று நலிவதற்குக் காறையே முதல் காரணம். உலோகம் அரிபட்டுத் தீர்ந்துபோகும் என்ற அச்சத்தைவிட, சொரசொரப்பில் காறை குடியேறும் என்ற கவலைதான் நியாயமானது.

இதே ஜெல் பீங்கான் கேப்பின் பளபளப்பையும் மங்கச் செய்யும். பல்நிறச் சிமெண்ட் அடைப்புகளையும் அரிக்கும். ஆகவே இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்கு மட்டும் அன்று, கேப்பும் அடைப்பும் நிறைந்த வாய் எதற்குமே இது ஏற்றதன்று என்பது என் கருத்து. ஃப்ளோரைடு சிகிச்சை உண்மையிலேயே தேவைப்பட்டால், 2 சதவீத சோடியம் ஃப்ளோரைடு உள்ள நடுநிலை ஜெல் இருக்கிறது. பற்களின் மேல் தூரிகையால் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ் இருக்கிறது. அதில் 22,600 பி.பி.எம். ஃப்ளோரைடு இருந்தாலும், அது புளிப்பானது அன்று. தேவையான பல்லின் மேல் மட்டும் தொட்டுவைக்கவும் முடியும். எண் இரு மடங்கு, ஆபத்தோ மிகக் குறைவு. எண்ணை மட்டும் பார்த்து மிரளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்த முறை நாற்காலியில் சாயும்போதே, "எனக்கு இம்ப்ளான்ட் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். ஜெல்லுக்காக மட்டும் சொல்லவில்லை. காறை நீக்கும் கருவியின் எஃகு முனையும் டைட்டானியத்தைக் கீறும். அதற்கென்று பிளாஸ்டிக் முனைகளும் டைட்டானியக் கரண்டிகளும் தனியாக இருக்கின்றன. கேட்க வேண்டியது மருத்துவரின் கடமை. அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: பல் வெண்மையாவதற்குப் பேஸ்ட்டின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து தேய்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இம்ப்ளான்ட் வைத்த பிறகும் தொடரலாமா? சமையல் சோடா கலந்தால்? – திருச்சி வாசகி

பதில்: எலுமிச்சையை இன்றோடு நிறுத்திவிடுங்கள், இம்ப்ளான்ட் இல்லாதவர்களும் நிறுத்திவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2-க்கும் 2.5-க்கும் இடையில் இருக்கும். தூரிகையில் பேஸ்ட்டோடு கலந்து 3 என்ற அளவுக்கு வந்தாலே, ஆயிரத்தில் பாதிக்கும் மேற்பட்ட ஃப்ளோரைடு பிரியாத அமிலமாக மாறிவிடும். மருத்துவமனையில்கூட வேண்டாம் என்று நான் சொன்ன அந்தப் புளிப்பு ஜெல்லின் சிறிய பிரதியை நீங்கள் உங்கள் வீட்டுக் குளியலறையில் தினமும் தயாரிக்கிறீர்கள்! எலுமிச்சை எனாமலையும் நேரடியாகக் கரைக்கும். முதல் சில நாள் பளிச்சென்று தெரிவது, மேல் அடுக்கு போனதன் அடையாளம்.

சமையல் சோடா காரத்தன்மை உடையது. அது புளிப்பை முறிக்கும். டைட்டானியத்துக்கு அதனால் இந்த வகையான கேடு இல்லை. அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் போதும். குளிர்பானமோ புளித்த மோரோ குடித்த உடனே பல் துலக்குவதையும் தவிருங்கள். முதலில் வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, எச்சில் தன் வேலையைச் செய்ய அரை மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம், எங்கள் தலைமுறையில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை உண்டு. இங்கே வசிப்பவர்கள் டைட்டானிய இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா? தண்ணீரே அரித்துவிடாதா? – தருமபுரி வாசகர்

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளலாம். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உங்கள் கிணற்றில் அதைப்போல இரண்டு மடங்கு, 3 மில்லிகிராம், இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்பது 3 பி.பி.எம். அந்த ஃப்ளோரைடு ஒன்றுவிடாமல் முழுவதும் அமிலமாக மாறினாலும் 3-ஐத் தாண்டாது, எல்லைக்கோடு 30. குடிநீரோ நடுநிலையை ஒட்டியது என்பதால் அப்படி மாறவும் மாறாது. ஆகவே உங்கள் தண்ணீரால் டைட்டானியத்துக்கு அச்சம் இல்லை.

அந்தத் தண்ணீருக்கு நீங்கள் அஞ்ச வேண்டிய காரணம் வேறு. வளரும் குழந்தைகளின் எனாமல் உருவாகும் பருவத்தில் மிகுதியான ஃப்ளோரைடு உடலுக்குள் சென்றால் கறையும் குழியும் விழும். நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரோடு ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்ற சொல்லும் சேர்ந்திருப்பது அதனால்தான். குழாயில் காவிரி நீர் வரும் வீடுகளில், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். விழுங்கும் ஃப்ளோரைடும், பல்லின் மேல் பட்டுத் துப்பப்படும் ஃப்ளோரைடும் இரு வேறு கதைகள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறாள். மருத்துவர் ஃப்ளோரைடு மவுத்வாஷ் எழுதிக்கொடுத்திருக்கிறார். கம்பி டைட்டானியம் கலந்தது என்றும் சொன்னார். கொப்பளிக்கலாமா? – சேலம் வாசகி

பதில்: கொப்பளிக்கலாம், ஆனால் பாட்டிலைக் கையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்ட பிறகு.

முதலில் எதற்காக எழுதிக்கொடுத்தார் என்று புரிந்துகொள்ளுங்கள். கிளிப் போட்ட பிள்ளைகளின் பல்லில், ஒட்டிய சிறு கட்டையைச் சுற்றி உணவு தங்கி, சில மாதங்களிலேயே சுண்ணாம்பு வெள்ளையில் திட்டு விழும். அது சொத்தையின் முதல் படி. கம்பியைக் கழற்றும் நாளில் பல் வரிசையாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும். இதைத் தடுக்கத்தான் ஃப்ளோரைடு.

கம்பியில் இருப்பது இம்ப்ளான்டில் உள்ள டைட்டானியம் போன்றது அன்று. முதல் சில மாதங்களில் போடும், வளைத்தாலும் நிமிரும் கம்பி, நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. எடையில் பாதிக்குச் சற்று மேலாகவே நிக்கல் இருக்கும். பிற்பாடு போடும் கம்பிகளில் சில, மாலிப்டினம் கலந்த பீட்டா டைட்டானியம் என்ற வகை. இரண்டின் மேலும் அதே டைட்டானியம் ஆக்சைடு படலம்தான் காவல். புளிப்பான ஃப்ளோரைடு கரைசலில் இவற்றை வைத்துச் சோதித்தபோது மூன்று விளைவுகள் தென்பட்டன. மேற்பரப்பு சொரசொரப்பாகி, கட்டையின் பள்ளத்தில் கம்பி வழுக்கிச் செல்வது தடைப்பட்டது. நிக்கல் கசிவது கூடியது. அரிப்பின்போது பிறக்கும் ஹைட்ரஜனை உலோகம் உள்ளே உறிஞ்சிக்கொண்டு, நெகிழ வேண்டிய கம்பி மொறுமொறுப்பாகியது. வளைந்து கொடுப்பதே தொழிலாக உள்ள கம்பிக்கு இந்த மூன்றாவதுதான் பெரிய குறை. அதனால் கம்பி திடீரென்று ஒடியலாம், பல்லை இழுக்கும் விசையும் மாறலாம். இம்ப்ளான்டின் கனத்த திருகுக்கு இந்தக் கவலை இல்லை. மயிரிழை போன்ற கம்பிக்கு உண்டு. நிக்கல் ஒவ்வாமை, அதாவது கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் தன்மை, உங்கள் மகளுக்கு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்றாடம் கொப்பளிக்கும் மவுத்வாஷில் வழக்கமாக 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, அதாவது 225 பி.பி.எம். ஃப்ளோரைடு இருக்கும். நடுநிலையானதாக இருந்தால் கம்பிக்கு அதனால் ஆபத்து இல்லை. ஸ்டானஸ் ஃப்ளோரைடு, அமைன் ஃப்ளோரைடு சேர்ந்த சில திரவங்கள் புளிப்பானவை; பி.ஹெச். 4-க்கு வந்தால், இந்த 225-இலிருந்தே ஏறத்தாழ 30 பி.பி.எம். அமிலம் வந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "இது நடுநிலையானதா?" என்பதுதான். கம்பியை எப்படியும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். பல்லை மாற்ற முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்ற நிலை வந்தால், நான் பல்லின் பக்கமே நிற்பேன்.

கேள்வி: புகையிலைப் பழக்கத்தால் என் தந்தைக்குத் தாடையில் புற்றுநோய் வந்து, அறுவை செய்து டைட்டானியத் தகடு வைத்திருக்கிறார்கள். பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். வாய் எப்போதும் வறண்டே இருக்கிறது. தினமும் ஃப்ளோரைடு ஜெல் வைக்கச் சொல்கிறார் மருத்துவர். தகடு அரிக்கும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். – தஞ்சாவூர் வாசகர்

பதில்: உறவினர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் மருத்துவர் சொன்னதையே கேளுங்கள்.

கதிர்வீச்சு எச்சில் சுரப்பிகளை வாட்டிவிடுகிறது. எச்சில்தான் வாயைக் கழுவுவது, புளிப்பை முறிப்பது, பல்லுக்குத் தாதுவைத் திருப்பித் தருவது எல்லாம். அது வற்றிப்போனால், ஆண்டுக்கணக்கில் வரும் சொத்தை மாதக்கணக்கில் வந்துவிடும். பல்லின் கழுத்தைச் சுற்றி வளையமாக அரித்து, பல் முழுவதும் ஒடிந்து விழுவதும் உண்டு. சாதாரண மனிதர் என்றால் அந்த வேரைப் பிடுங்கிவிடலாம். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால், அந்தப் புண் ஆறாமல் எலும்பே மடிந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே உங்கள் தந்தைக்கு ஒவ்வொரு பல்லையும் சொத்தை இல்லாமல் காப்பது, அழகுக்காக அன்று, தாடையைக் காப்பதற்காக. அதற்காகவே, அவருடைய பல் வரிசைக்கு அளவெடுத்துச் செய்த தட்டில், 1.1 சதவீத சோடியம் ஃப்ளோரைடு ஜெல்லைத் தினமும் சில நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். அதில் இருப்பது சுமார் 5000 பி.பி.எம். ஃப்ளோரைடு; நடுநிலையில் இருந்தால் பிரியாத அமிலம் ஒரு பி.பி.எம்.-ஐக்கூடத் தொடாது.

தகடு தசைக்கும் தோலுக்கும் உள்ளே மூடிக் கிடக்கிறது. வாயில் வைக்கும் ஜெல் அதை எட்டாது. தகட்டின் ஏதாவது ஒரு மூலை ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது ஜெல்லைப் பற்றி யோசிக்காமல், தகடு தெரிகிறது என்பதற்காகவே அறுவை செய்த மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். வறண்ட வாய் இயல்பாகவே புளிப்பானது. கழுவிவிட எச்சில் இல்லாததால் ஜெல்லும் நெடுநேரம் தங்கும். அதனால் ஜெல்லின் உறையில் 'நடுநிலை' வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். புளிப்பு வகை இவருடைய வெந்த வாய்த்தோலுக்கும் எரிச்சல் தரும். தட்டு வைப்பதற்கு முன் உப்பும் சமையல் சோடாவும் சிட்டிகை கலந்த தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வறட்சிக்காகப் புளிப்பு மிட்டாய் சப்பும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: என் இம்ப்ளான்டில் இருப்பது சர்கோனியா என்ற பீங்கான் வகை. அப்படியானால் இந்தக் கவலை எதுவும் எனக்கு இல்லை அல்லவா? – சென்னை வாசகர்

பதில்: ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "சர்கோனியா பல்" என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் மேலே தெரியும் கேப்பைத்தான். எலும்புக்குள் இருக்கும் திருகும், பல நேரங்களில் இரண்டையும் இணைக்கும் கழுத்தும் டைட்டானியமாகவே இருக்கும். திருகு முழுவதும் சர்கோனியாவால் ஆன இம்ப்ளான்டும் உண்டு, ஆனால் அதைப் பொருத்துபவர்கள் குறைவு. திருகின் வகையும் தொடர் எண்ணும் ஒட்டிய சிறு அட்டை ஒன்றைத் தயாரிப்பாளர்கள் பெட்டியோடு தருவார்கள். மருத்துவரிடம் கேட்டு அதை வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறொரு மருத்துவர் உங்கள் வாயைத் திறந்து பார்க்கும்போது, அந்த அட்டை அவருக்குப் பல கேள்விகளை மிச்சப்படுத்தும்.